கண்ணாடி வாங்க யாரும் வருவதில்லை

போன வாரம் பவித்ரா போன் செய்தாள். தருமபுரி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் நான் வேலை பார்த்த மூக்குக்கண்ணாடிக் கடையில், நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்தவள். குரலே சரியில்லை. ஒரு பெரியவர் காலையில் வந்து, கைபேசியில் ஒரு படத்தைக் காட்டி, இதே ஃப்ரேம், இதே பவர் என்று கேட்டு வாங்கிப் போயிருக்கிறார். சாயங்காலம் திரும்பி வந்து, எழுத்து ஒன்றும் தெரியவில்லை என்று கடை அதிரக் கத்தியிருக்கிறார்.

"எல்லாரும் போன்லயே பாத்து முடிவு பண்ணிட்டு வராங்கக்கா. நம்மகிட்ட ஒண்ணும் கேக்கறதில்ல. உங்க காலத்துல ஜனங்க எவ்ளோ நல்லா இருந்திருப்பாங்க" என்றாள்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நல்ல ஜனங்களாம்! அந்த நல்ல ஜனங்களோடு அத்தனை வருடம் மல்லுக்கட்டியவள் நான். அவளுக்கு ஏதோ ஆறுதல் சொல்லி போனை வைத்தேன். வைத்த பிறகும் அந்தப் பேச்சு மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. நல்லம்பள்ளியில் வீட்டில் சும்மாதானே இருக்கிறோம், எழுதியே கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கண்ணாடிக் கடைக்குக் கண்ணாடி வாங்க யாரும் வருவதில்லை. கண் தெரியவில்லை என்று தானாக வந்து சொன்னவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நாற்பது தாண்டினால் கிட்டத்துப் பார்வை குறைவது எல்லோருக்கும் வருவதுதான். ஆனால் அது தனக்கு வந்திருக்கிறது என்று மட்டும் ஒருவரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பழி வேறு எங்காவது போகும். பத்திரிகைக்காரன் மையை மிச்சம் பிடிக்க எழுத்தைச் சின்னதாக்கிவிட்டான் என்று ஒரு வாத்தியார் என்னிடம் மூச்சுவிடாமல் வாதாடினார். இப்போது வருகிற ஊசிகளுக்குக் காதே சரியாகப் போடுவதில்லை என்றார் ஒரு தையல்காரர். மளிகைக்காரன் அரிசி நிறத்திலேயே கல்லைத் தேடிப் பிடித்துக் கலக்கிறான் என்றாள் ஓர் அம்மாள். குண்டு பல்பு போனதோடு வெளிச்சமே செத்துவிட்டது என்றவர்களுக்குக் கணக்கில்லை. இவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நம்பினார்கள்.

பிறகு ஒரு நாள் ஏதாவது நடக்கும். பங்காளி வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் தன் பெயரை விட்டுவிட்டார்கள் என்று வரிந்துகட்டிக்கொண்டு சண்டைக்குப் போவார். பெயர் பத்திரிகையிலேயே இருக்கும். அல்லது காலை மாத்திரையை ராத்திரிக்கு விழுங்கியிருப்பார். அன்றைக்குத்தான் மனதில் லேசாக உறைக்கும். உறைத்தாலும் நேராகக் கடைக்கு வருவார்களா என்றால், அதுதான் இல்லை. ஏற்கெனவே கண்ணாடி போட்டிருப்பவர் யார் என்று பார்த்து விசாரிப்பார்கள். விசாரிப்பது என்றால் வாய்ப்பேச்சோடு நிற்காது. "அதக் கொஞ்சம் குடுங்க" என்று வாங்கித் தன் மூக்கில் மாட்டிக்கொள்வார்கள். பேருந்தில், பந்தியில், பால் சொசைட்டி வரிசையில் என்று ஒரே கண்ணாடி ஊரில் பாதிப் பேர் முகத்தில் ஏறி இறங்கும். மச்சான் கண்ணாடியில் நாலு எழுத்துத் தெரிந்தால் போதும், "எங்க மச்சான் போட்டிருக்கற அதே கண்ணாடி" என்று எங்கள் முன்னால் வந்து நிற்பார்கள்.

பாலக்கோட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர், இறந்துபோன தன் அப்பாவின் கண்ணாடியையே பளபளவென்று துடைத்துக் கொண்டுவந்தார். "எங்கப்பா இதப் போட்டுத்தானுங்க பத்திரமெல்லாம் படிப்பாரு. ராசியான கண்ணாடி. காம்ப மட்டும் இறுக்கிக் குடுங்க" என்றார். பவித்ரா, உன் பெரியவர் கைபேசியைக் காட்டியதும் இதேதான். மச்சான் நின்ற இடத்தில் இப்போது படம் நிற்கிறது, அவ்வளவுதான்.

நான் அந்தக் கடையில் சேர்ந்தது பிளஸ் டூ முடித்து, தட்டச்சும் பழகி, எந்த ஆபீஸும் கூப்பிடாமல் வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டிருந்த நாட்களில். சேர்ந்த புதிதில் கண்ணாடி துடைப்பதும் திருகு தேடுவதும்தான் வேலை. கீழே விழுந்த பொடித் திருகுகளைத் தேடித் தேடியே முதல் வருடம் தரையோடு தரையாகப் போயிற்று. கடைக்கு உரிமையாளர் அருளப்பன் சார். கண் பரிசோதனையை முறையாகப் படித்தவர். ஒல்லியான மனிதர், சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிறவர், அவருடைய கண்ணாடி மட்டும் எப்போதும் விரல் ரேகையும் புழுதியுமாகவே இருக்கும். சொன்னால் சட்டை நுனியில் துடைத்து இன்னும் கொஞ்சம் அழுக்காக்கிக்கொள்வார்.

அவரிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. யார் வந்தாலும் எடுத்தவுடன் ஃப்ரேமைக் காட்டக் கூடாது. "என்ன வேணும்" என்றும் கேட்கக் கூடாது. அப்படிக் கேட்டால் மச்சான் கண்ணாடியைத்தான் கேட்பார்கள் என்பார். உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, "கொஞ்ச நாளா எந்த வேலைங்க கஷ்டமா இருக்கு?" என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். கண்ணைப் பற்றிய பேச்சையே எடுக்கக் கூடாது. அவர்கள் வேலையைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதும் சார் ஒரு மரத் தட்டை முன்னால் நகர்த்துவார். ஊசி நூல், ஒரு பிடி அரிசி, உதிரிப்பூ, வாழைநார், கசங்கிய பேருந்துச் சீட்டுகள், ஒரு பழைய கைபேசி எல்லாம் அதில் கிடக்கும்.

"வூட்டுல எப்பிடிச் செய்வீங்களோ அப்பிடியே செய்யுங்க" என்பார்.

அவர்கள் கூச்சப்பட்டுக்கொண்டே செய்வார்கள். சார் பக்கவாட்டில் குனிந்து, தையல்காரர் டேப்பால் கண்ணுக்கும் கைக்கும் நடுவிலுள்ள தூரத்தை அளப்பார். பூக் கட்டுகிறவளுக்கு அது மடிவரைக்கும் இருக்கும். ஊசி கோர்க்கிறவருக்கு முகத்துக்குப் பக்கத்திலேயே முடிந்துவிடும். படிக்கிறவருக்குப் போடுகிற பவரைப் பூக்காரிக்குப் போட்டால் அவள் மூக்கை மடியில் வைத்துக்கொண்டுதான் கட்ட வேண்டும். இந்த அளவெல்லாம் முடிந்துதான் பரிசோதனை அறை, அதற்கும் பிறகுதான் ஃப்ரேம். பார்வை மொத்தமாகப் புகை மூடியதுபோல் இருக்கிறது என்றால் விற்கவே மாட்டார், பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்.

எனக்கு இது எரிச்சலாக இருக்கும். ஒருவரை அனுப்புவதற்குள் வாசலில் நாலு பேர் காத்திருந்து போய்விடுவார்கள்.

"சார், அவங்க கேக்கறதக் குடுத்தா வாங்கிட்டுப் போயிடுவாங்க" என்று ஒரு முறை சொல்லியே விட்டேன்.

"போயிடுவாங்கம்மா. ரெண்டு நாள் போட்டுப் பாத்துட்டு அலமாரில வெச்சிருவாங்க. அப்புறம் கண்ணாடி எனக்கு ஒத்துக்கலன்னு பாக்கறவங்ககிட்டயெல்லாம் சொல்லுவாங்க. அந்த ஊருல அடுத்து ஒருத்தருக்குக் கண்ணு மங்கினா, அவங்களத்தான போயி கேப்பாங்க?" என்றார்.

மாதம்மா வந்தது அப்படித்தான், கண்ணாடி தனக்கு ஒத்துக்கொள்ளாது என்ற முடிவோடு. பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு பட்டு நூற்புக் கூடத்தில் அவளுக்கு வேலை. நாற்பத்தைந்து வயதிருக்கும். தனியாக வந்திருந்தாள். அதுவே எனக்கு ஆச்சரியம், எங்கள் பக்கத்தில் குடை வாங்கக்கூட இரண்டு பேர் துணைக்கு வருவார்கள். தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் கடைக்குள் ஏறினாள்.

தண்ணீர் கொடுத்துவிட்டு, எந்த வேலை கஷ்டமாக இருக்கிறது என்று கேட்டேன்.

"வேலையெல்லாம் கஷ்டமில்லிங்க. கூடுதான் சரியில்ல. இந்த வருசம் வர பட்டுக்கூடு பூராவும் மட்டம். இழை நிக்கவே மாட்டேங்குது."

"கூடத்துல எல்லாருக்குமே அப்பிடித்தானுங்களா?"

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். கண் கலங்கிவிட்டது.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வெளியே வந்தது. பட்டுக்கூடுகளை வெந்நீர்த் தொட்டியில் போட்டு, ஒவ்வொரு கூட்டிலிருந்தும் இழையின் நுனியைப் பிடித்து, ஏழெட்டு இழைகளைச் சேர்த்து ஒரே நூலாகச் சக்கரத்தில் ஓடவிடுவார்கள். ஒரு கூடு தீர்ந்தால் உடனே இன்னொரு கூட்டின் நுனியை ஓடுகிற நூலில் ஒட்டிவிட வேண்டும். தவறினால் அந்த இடத்தில் நூல் மெலிந்துபோகும். தலைமுடியைவிட மெல்லிய இழை, வெள்ளை ஆவிக்குள் வெள்ளையாக ஓடுவது. மாதம்மாவுக்கு எந்தக் கூடு தீர்ந்தது என்பது தெரியவில்லை. அவள் தொட்டி நூல் ஒரே கனமாக இல்லை என்று வாங்குகிறவர்கள் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். கூடத்து முதலாளி பெருமாள், அடுத்த மாதம் பிறந்ததும் அந்தத் தொட்டிக்கு வேறு பெண் வருவாள், நீ கொதிகலனுக்கு விறகு எடுத்துப் போடு என்று சொல்லிவிட்டார்.

"வயசுப்புள்ளையா வந்து உக்காந்த தொட்டிங்க அது. வாங்க வரவங்களுக்கு என் நூலத்தான் எடுத்துக் காட்டுவாங்க. இப்ப எந்திரின்னு சொல்றாரு" என்றாள்.

விறகு தூக்குவது கேவலம் என்று அவள் நினைக்கவில்லை. தன் கை இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது, அதை யாரும் நம்பவில்லை என்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

விசாரிக்காமலும் அவள் இருக்கவில்லை. ஆனால் கூடத்தில் கண்ணாடி போட்டிருப்பவர்களிடம் கேட்க முடியாது, கேட்டால் முதலாளி காதுக்குப் போய்விடும். நாத்தனார் வீட்டுக்காரர் பேப்பர் படிக்கிற கண்ணாடியை வாங்கி மாட்டிப் பார்த்தாள். பேப்பர் பளிச்சென்று தெரிந்தது. அதையே முந்தானையில் மறைத்து எடுத்துப் போய், மற்றவர்கள் சாப்பிட எழுந்த நேரத்தில் தொட்டி முன்னால் போட்டுப் பார்த்திருக்கிறாள். கூடு, நூல், சக்கரம் எல்லாம் ஒரே கலங்கல். அதோடு ஆவி படிந்து அதுவும் போயிற்று.

"ஒத்துக்கலிங்க. என் கண்ணு அவ்ளோதானுங்களா? அத மட்டும் சொல்லிடுங்க, போயிடறேன்" என்றாள். கண்ணாடி வாங்க அவள் வரவில்லை. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் வந்திருந்தாள்.

அருளப்பன் சார் தட்டைத் தொடவில்லை. தட்டில் பட்டுக்கூடு ஏது? ஒரு வாளியை எடுத்து வரச் சொல்லி ஸ்டூலைப் போட்டு, "உக்காந்து செஞ்சு காட்டுங்கம்மா" என்றார். வெறும் வாளிக்கு முன்னால் அவள் விரல்கள் ஓடியதை நான் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஒரு தடவை வாளியை இழுத்துக்கொண்டாள், இன்னொரு தடவை தள்ளிவைத்தாள். தொட்டி எவ்வளவு உயரம், எவ்வளவு தள்ளி இருக்கும் என்று சார் கேட்டதற்கு அவளால் சொல்ல முடியவில்லை.

சார் என் பக்கம் திரும்பினார். "வசந்தா, நீ போயி அளந்துட்டு வந்துடு."

"கண்ணாடிக் கடையில இருந்து வந்திருக்கேன்னு தெரிஞ்சா அவங்க பொழப்பே போயிடும் சார்."

"அதான் உன்னை அனுப்பறேன். நான் போயி நின்னா சொந்தக்காரன்னு யாராச்சும் நம்புவாங்களா?"

மறுநாள் மாதம்மாவின் சின்னம்மா மகளாக நான் அந்தக் கூடத்துக்குப் போனேன். பட்டு நூற்பதைப் பார்க்க ஆசைப்பட்டு வந்த சின்னம்மா மகள். டேப்பை எடுத்தால் மாட்டிக்கொள்வோம் என்று, பேருந்து நிலையத்தில் இரண்டு முழம் மல்லிகை வாங்கிப் போனேன். உள்ளே நுழைந்ததும் வெந்த கூட்டின் வாடையில் மல்லிகை இருக்கிற இடமே தெரியவில்லை. மாதம்மா தொட்டியின் மேல் குனிந்திருந்தாள். பூ வைத்துவிடுகிற சாக்கில் பின்னால் நின்று, அவள் கண் மட்டத்திலிருந்து நூல் ஒட்டுகிற இடம்வரைக்கும் சரத்தைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். அந்த இடத்திலேயே கிள்ளினேன். மீதியை அவளுக்கு வைத்துவிட்டு, அளந்த சரத்தை என் தலையில் செருகிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்துப் பெருமாள் வந்துவிட்டார்.

"யாரும்மா இது?"

"எங்க சின்னம்மா மகளுங்க. சும்மா பாக்கணும்னு வந்துச்சு."

"பாக்கட்டும், பாக்கட்டும்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். "உங்கக்கா ஒரு காலத்துல நல்லா நூத்தவங்க."

கெட்ட மனிதர் இல்லை, நல்ல வார்த்தையாகத்தான் சொன்னார். ஆனால் வேலை செய்துகொண்டிருக்கிறவளின் தலைக்கு மேலேயே ஒரு காலத்தில் என்று சொன்னதைக் கேட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாதம்மா தலையை நிமிர்த்தவே இல்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு பேருந்து ஏறினேன்.

கடைக்கு வந்து தலையிலிருந்து சரத்தை உருவி மேசையில் வைத்தேன். சார் அதை நீவிவிட்டு அளந்தார். பேப்பர் படிக்கிற தூரத்தைவிட நன்றாகவே தள்ளி இருந்தது. நாத்தனார் வீட்டுக்காரர் கண்ணாடி அங்கே கலங்காமல் என்ன செய்யும்? அவள் திரும்ப வந்ததும் கண்ணைச் சோதித்து, அந்தத் தூரத்துக்கே பவர் போட்டார் சார். ஆவிக்குத்தான் வழி தெரியவில்லை. கடைக்குள் மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஒவ்வொரு கண்ணாடியாக ஆவியில் காட்டிக் காட்டிப் பார்த்தார். கடைசியில் குளிக்கிற சோப்பை உலர்ந்த விரலில் மெல்லத் தொட்டுத் தடவி, துணியால் பளிச்சென்று தேய்த்துவிட்டதில் ஆவி தங்காமல் போயிற்று. சந்தேகத்துக்குத் தன் கண்ணாடியிலும் அதையே செய்து பார்த்தார். அவர் கண்ணாடி சுத்தமாக இருந்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

கண்ணாடி தயாரானதும் மாதம்மா வந்து போட்டுக்கொண்டு, தானே கொண்டுவந்திருந்த கழிவு நூலைத் தொட்டி இருக்கும் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள். இழை இழையாகப் பிரித்தாள். பிறகு சேர்த்தாள். அதையே திரும்பத் திரும்பச் செய்தாள்.

"கூடு நல்ல கூடுதானுங்க" என்றாள் கடைசியில்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அவளோ கண்ணாடியைக் கழற்றி அதன் பெட்டியில் போட்டு மூடிவிட்டாள்.

"ஆனா அங்க போடமாட்டேனுங்க. இதோட பாத்தாருன்னா, கண்ணு போனது உண்மைன்னு அன்னிக்கே எழுப்பி விட்டுருவாரு."

அவள் சொன்னதும் நியாயமாகத்தான் இருந்தது. அங்கே கண்ணாடி என்றால் கண் தெரிகிறது என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சார் யாரையும் இதைச் செய், அதைச் செய் என்று வற்புறுத்துகிறவர் இல்லை. அன்றைக்கு மட்டும் சொன்னார்.

"போடலன்னா அடுத்த மாசம் எழுப்புவாரும்மா. அது உறுதி. போட்டா எழுப்பினாலும் எழுப்புவாரு, எழுப்பாமலும் இருப்பாரு. நீங்களே முடிவு பண்ணுங்க."

அவள் கண்ணாடிப் பெட்டியைச் சாப்பாட்டுப் பைக்குள் அடியில் வைத்துக்கொண்டு போனாள். அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை. போய்ப் பார்க்கலாம் என்றால், சின்னம்மா மகள் எத்தனை தடவைதான் வருவாள்? பாப்பாரப்பட்டிப் பேருந்து வருகிற நேரமெல்லாம் வாசலைப் பார்ப்பேன். சாரும் பார்ப்பார், பார்க்காததுபோல.

மாதம் பிறந்து சில நாள் கழித்து அவளே வந்தாள். சிரித்துக்கொண்டே படியேறியவள், உட்காரக்கூட இல்லை, நின்றபடியே கொட்டித் தீர்த்தாள்.

மாதம் முடிகிற கடைசி நாள்வரைக்கும் பையிலிருந்து எடுக்கவில்லையாம். அன்று காலையில் தொட்டியில் முதல் கூட்டைப் போட்டதும், இன்றைக்கோடு போகப்போகிற தொட்டியில் ஒரு நாளாவது ஒழுங்காக நூற்றுவிட்டுப் போகலாம் என்று எடுத்து மாட்டிக்கொண்டாளாம். நூல் ஓடிய ஓட்டத்தில் முதலாளி வந்து நின்றதே தெரியவில்லை. பக்கத்துத் தொட்டிகளில் பேச்சு நின்றுபோனதைக் கவனித்துத்தான் நிமிர்ந்திருக்கிறாள்.

"என்ன மாதம்மா, கண்ணு போயிருச்சா?" என்றாராம்.

அவள் சக்கரத்தை நிறுத்தி, ஒரு பிடி நூலை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "நூலப் பாத்துட்டு சொல்லுங்க" என்றாள்.

பெருமாள் நூலை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார். கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். சன்னல் வெளிச்சத்துக்குப் போய் இன்னும் தள்ளிப் பிடித்தார். கடைசியில் கையை முழுசாக நீட்டி, தலையையும் பின்னால் சாய்த்துக்கொண்டு கண்ணை இடுக்கினார். கூடமே வேலையை விட்டுவிட்டு அவரைப் பார்த்தது.

"கையி இன்னும் நீளமா வேணுமாங்க மொதலாளி?" என்று கேட்டுவிட்டாளாம் மாதம்மா.

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரிக்க, எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவர் முகம் சிவந்துபோனது. மாதம்மா எழுந்து போய், தன் கண்ணாடியைக் கழற்றி நீட்டினாள். அவர் முதலில் வாங்கவில்லை. பிறகு வாங்கி மாட்டிக்கொண்டு, நீட்டிய கையை மடக்காமலே நூலைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். விரலுக்கு நடுவில் விட்டு, இந்த நுனியிலிருந்து அந்த நுனிவரை உருவிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் தன் வேட்டியிலேயே துடைத்து அவள் கையில் கொடுத்தார்.

"ஒக்காரு" என்றாராம், அவள் தொட்டியைக் காட்டி. "தண்ணி ஆறுது."